பதினொன்றாம் கட்டத்தின் எடை

ஒரே ஒரு கையெழுத்து. அதை வாங்கி வரத்தான் என்னைக் கடல் தாண்டி மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். நாற்பத்தாறு வயதில், பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷம் நின்று முழங்கால் தேய்ந்த பிறகு, எனக்கு வாய்த்த முதல் வெளிநாட்டுப் பயணம் இப்படித் தபால்காரர் வேலையாக அமைந்தது. கேட்டவர்களிடமெல்லாம் ஸ்ரீலங்காவில் ஒரு முக்கியமான டெஸ்ட் என்று பீற்றிக்கொண்டு கிளம்பினேன். திருச்சியிலிருந்து அக்கா போன் செய்து, வரும்போது கருவாடு வாங்கி வா என்றாள்.

நான் வேலை பார்ப்பது பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனியில். செயற்கைக்கோளுக்குள் மடங்கிக் கிடந்து, மேலே போனதும் நீளமாக விரிகிற சட்டகங்களைச் செய்கிறோம். ரயில்வே பிளாட்பாரக் கூரைக்கு அடியில் முக்கோணம் முக்கோணமாக இரும்பு தெரியுமே, அதே அமைப்புதான். இரும்புக்குப் பதில் விரல் தடிமனில் கார்பன் குழாய். மடங்கியிருந்தால் பீரோ அளவு. விரிந்தால் முப்பது மீட்டர்.

விண்வெளியில் அது தொய்வதில்லை. தரையில் விரித்துப் பார்ப்பதுதான் தொல்லை, தன் எடையிலேயே தொய்ந்து முறிந்துவிடும். அதனால் இருபத்தாறு கட்டங்களையும் தனித்தனிக் கயிற்றில் மேலிருந்து தொங்கவிடுவோம். கயிறு கப்பியில் ஏறி மறுபக்கம் இறங்கும். அங்கே அந்தக் கட்டத்தின் எடைக்குச் சமமாக ஒரு எடைப்பை. இரண்டும் சமமானால் சட்டகம் தனக்கு எடையே இல்லாததுபோல மிதக்கும். எந்தக் கட்டத்துக்கு எத்தனை கிராம் என்று ஓர் அட்டவணை உண்டு. அந்த அட்டவணையைத் தயாரித்தது நான். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

நடுவில் தூணில்லாத அவ்வளவு நீளக் கூடம் எங்கள் வாடகைக்குப் பெங்களூரில் எங்கே கிடைக்கும்? பங்குதாரர் ஒருவர் மட்டக்களப்புக்காரர். காத்தான்குடியில் துணி வியாபாரம் செய்யும் ஹாஜியார் புதிதாகக் கட்டிய ஸ்டோர், அதாவது கிடங்கு, காலியாகக் கிடப்பதாக அவர் சொன்னார். மேலே போகப்போகும் சட்டகத்துக்கு இரட்டையாக, தரையில் அடிபடுவதற்கென்றே செய்த ஒன்றைப் பெட்டியில் போட்டு அங்கே அனுப்பினோம். கூடவே இரண்டு இளம் பொறியாளர்கள். இரண்டு வாரத்தில் சட்டகத்தை உடைத்துவிட்டு, அறிக்கையோடு திரும்பி வந்தார்கள்.

அறிக்கை சொன்னது இதுதான்: கயிறு கட்ட அமர்த்திய உள்ளூர்ப் பெண் ஜெசிந்தா, அனுமதி இல்லாமல் எடைப்பையில் மீன்வலை ஈயக் குண்டுகளைப் போட்டுவிட்டார், அதனால் பதினொன்றாம் கட்டத்தின் கீல் முறிந்தது. அந்தப் பெண் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வாடிக்கையாளர் சமாதானமாகிவிடுவார். எனக்கும் அப்போது கோபமெல்லாம் அவர் மேல்தான். கிராம் கிராமாக நான் நிறுத்து எழுதிய அட்டவணையில் மீன்வலை ஈயமா?

மட்டக்களப்பில் காலையில் இறங்கி, காத்தான்குடி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். அறிக்கையை இன்னொரு முறை படித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் ஊர் போனது தெரியவில்லை. அந்தச் சாலையில் ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குவது வெளியூர்க்காரருக்குப் புரியாது. நடுத்தெருவில் பேரீச்சை மரங்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தேன். அதுதான் காத்தான்குடி என்று யார் கண்டது? களுவாஞ்சிக்குடியில் இறங்கி நின்று கண்டக்டரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பதறவே இல்லை. "நீங்க மும்முரமா வாசிச்சிக்கிட்டு இரிந்தீங்க. குழப்பப்படாதெண்டு விட்டன்" என்றார். திருச்சியாக இருந்தால் கண்டக்டர் விசில் ஊதி, திட்டி, ஊர் வருவதற்கு ஒரு நிறுத்தம் முன்பே இறக்கிவிட்டிருப்பார். இவ்வளவு மரியாதையால் நான் கெட்டது அதுவே முதல் முறை.

பசியில் கோபம் இரட்டிப்பாகும் உடம்பு என்னுடையது. சந்தைக்குப் பக்கத்துக் கடையில் பிட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். தேங்காய்ப்பூ எது மாவு எது என்று பிரிக்க முடியாத பிட்டு. குழம்பில் பால் சேர்த்திருந்தும் காரம் காதுவரை ஏறியது. காபி கேட்டேன். கொண்டு வந்து வைத்ததைப் பற்றி எழுதினால் இரண்டு நாட்டு உறவு கெடும். அதற்குப் பிறகு தேத்தண்ணியை விட்டு நான் நகரவில்லை.

துணி மூட்டை இறக்க வந்த ஓட்டோ ஒன்று காத்தான்குடிக்கு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஜௌபர். அங்கே அண்ணனுக்கு நானா. எல்லாரும் அப்படிக் கூப்பிட்டதால் நானும் நானா என்றேன்; எனக்குப் பத்து வயது இளையவர் என்று பிறகு தெரிந்தது. அங்கிருந்த ஐந்து நாளும் அவர்தான் என் சாரதி. வழியில் பிற்பகல் அஸர் தொழுகைக்கு நிறுத்துவார். நான் ஓட்டோவில் உட்கார்ந்து முணுமுணுப்பேன்.

ஸ்டோருக்குள் நுழைந்ததும் ஒரு கணம் கோபம் மறந்தது. அந்தக் கம்பீரமான நீளத்தில் எங்கள் சட்டகம் பாதி விரிந்தபடி, இருபத்தாறு கயிற்றில், வெயில் கோடுகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. பதினொன்றாம் கட்டத்தில் மட்டும் துணி சுற்றியிருந்தது. ஹாஜியார் வந்து, என்னை மகள் என்று கூப்பிட்டு, பிளேன்டீயும் மஸ்கட் இனிப்பும் தந்தார். ஜெசிந்தாவை வரவேண்டாமென்று பெங்களூரிலிருந்து சொல்லிவிட்டார்களாம். அடுத்த பரிசோதனைகளுக்கும் அவரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஹாஜியார் நினைத்திருந்தார். இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார்.

மாலையில் ஜௌபர் நானா என்னைக் கல்லடிப் பக்கம் ஒரு கரையோரக் கிராமத்துக்குக் கூட்டிப் போனார். ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டு வாசலில் வலை விரித்து, கால் பெருவிரலில் கயிற்றை மாட்டி இழுத்து, ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். வலையின் கீழ்க்கயிற்றில் ஈயம் சமமாகக் கட்டாவிட்டால் வலை நீருக்குள் நேராக நிற்காது. அந்தக் கரையில் பாதி வள்ளங்களுக்கு ஈயம் கட்டிக் கொடுப்பது அவர்தான் என்று நானா வழியிலேயே சொல்லியிருந்தார்.

நான் தாளை நீட்டினேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. அதற்கே நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. தமிழில் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஈயம் போட்டது நான்தான் மிஸ். இல்லையெண்டு நான் ஒருத்தருக்கிட்டயும் சொல்லல்ல. ஈயத்தாலதான் உடைஞ்சதெண்டு எழுதியிரிக்கு. அதுக்கு என்ட கையெழுத்துத் தர ஏலா."

பிறகு எப்படி உடைந்தது என்று கேட்டேன், கொஞ்சம் அதிகாரமாகவே. அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"முதல் தரம் சிக்கி நிண்டது. பாத்தன், அந்தக் கட்டம் மட்டும் ஒரு விரல் கீழ நிண்டது. அந்த இஞ்சினியர் சேர்மாருக்குச் சொன்னன். போன்ல கதைச்சிக்கிட்டுத் தலைய ஆட்டினாங்க. ஒண்டொண்டா ஈயம் போட்டு மட்டத்துக்குக் கொண்டு வந்தன். மறுகா மோட்டரப் போட, கடைசி மட்டும் விரிஞ்சது. அத ஏன் மிஸ் எழுதல்ல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அறிக்கையில் இரண்டே இரண்டு பரிசோதனை ஓட்டம். இரண்டிலும் சிக்கியது என்றுதான் இருந்தது. முழுதாக விரிந்த ஓட்டம் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. மிச்சத்தையும் அவர் சொன்னார். விரிந்து முடிந்ததும் பைகளைச் சரிபார்த்த பொறியாளர்கள் ஈயத்தைக் கண்டு கத்தினார்களாம். எல்லாவற்றையும் எடுத்து எறிந்துவிட்டு மூன்றாம் முறை ஓட்டினார்களாம். அதே இடத்தில் சிக்கியதும் மோட்டாரின் இழுவையைக் கூட்டினார்களாம். கீல் முறிந்தது. முறிந்தபோது பைக்குள் ஒரு ஈயக் குண்டுகூட இல்லை.

ஸ்டோர் வேலை போனது அவருக்குப் பெரிதல்ல. ஈயத்தால் ஏதோ பெரிய சாமான் உடைந்ததாம் என்று கரையில் பேச்சாகிவிட்டது. இரண்டு வள்ளக்காரர் வலையைத் திருப்பி வாங்கிப் போய்விட்டார்கள். ஈயக் கணக்குத் தப்புகிறவளிடம் யார் வலையைக் கொடுப்பார்கள் என்று அவரே என்னைக் கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஸ்டோருக்குப் போய் மோட்டார் பெட்டியின் பதிவைத் திறந்தேன். மூன்று ஓட்டம். நடு ஓட்டம் தொடக்கம் முதல் முடிவு வரை சீராக ஓடியிருந்தது. ஹாஜியாரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். "அவ்வளவு அழகா விரிஞ்ச, மகள். நான் படம் புடிச்ச. கட்டாரில இரிக்கிற மகனுக்கும் அனுப்பின."

படத்தைப் பார்த்தேன். சட்டகம் ஒவ்வொரு கட்டமாக விரிந்து முப்பது மீட்டரையும் எட்டுகிறது. ஜெசிந்தா ஏணியில் நிற்கிறார். எங்கள் மேதாவிகள் இருவரும் துள்ளிக் குதித்துக் கைதட்டுகிறார்கள். தட்டிய அதே கைகள்தான் அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தன. விதிமுறையில் இல்லாத எடை என்பதால் அந்த ஓட்டமே நடக்கவில்லையாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில், சர்க்கரை போடாத தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் அது கசந்தது தெரிந்தது.

ஆனால் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. என் அட்டவணைப்படி எடை போட்டும் அந்தக் கட்டம் ஏன் ஒரு விரல் தாழ்ந்தது? பதினொன்றாம் கட்டத்தைக் கழற்றினேன். ஜௌபர் நானா பலசரக்குக் கடையிலிருந்து மின்தராசு கொண்டு வந்தார். நிறுத்தேன். அட்டவணையைவிட முந்நூற்று நாற்பது கிராம் அதிகம். குழாய்களுக்கு நடுவே, உட்புறமாக, உள்ளங்கை அளவில் ஒரு மின்பெட்டி திருகியிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்தப் பெட்டி பின்னால் சேர்த்தது. சேர்த்த செய்தி எனக்கு மின்னஞ்சலில் வந்தது. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்த வாரம் அது. மண்டபத்தில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன், பெங்களூர் திரும்பியதும் அட்டவணையைத் திருத்திக்கொள்ளலாம் என்று மூடினேன். அதோடு சரி. இரண்டு நாளாக ஊரிலுள்ளவர்கள் மேலெல்லாம் கொட்டிய கோபம் இப்போது வீட்டுக்குத் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்துகொண்டது.

ஹாஜியார் எடுத்து வைத்திருந்த ஜெசிந்தாவின் ஈயக் குண்டுகளையும் நிறுத்தேன். முந்நூற்று இருபது கிராம். தராசே இல்லாமல் கண்மட்டத்தில் போட்டது. அந்த இருபது கிராம் குறையைப் பற்றிப் பேச எங்கள் கம்பெனியில் ஒருவருக்கும் தகுதியில்லை.

மேலாளருக்குப் போன் போட்டு, தப்பு அட்டவணையில்தான், தப்பு என்னுடையது என்றேன். "மேடம், இப்ப போய் அட்டவணை தப்புன்னு சொன்னா முதல் அறிக்கையும் பொய்னு ஆயிடும். அந்தப் பொண்ணுக்கு என்ன, நாளைக்கே வேற வேலை கிடைச்சிடும். கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றார். இவ்வளவு இனிமையாக ஒருவர் கழுத்தில் கத்தி வைக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. திரும்ப ஓட்டிக் காட்டுகிறேன், பிறகு பேசலாம் என்று போனை வைத்தேன்.

மாற்றுக் கீல் பெட்டியிலேயே இருந்தது, அதைக் கோக்கும் உலோக ஊசிதான் இல்லை. மூன்றாம் நாள் வாழைச்சேனைக்குப் போனோம். துறைமுகத்துப் பக்கம் வள்ளங்களின் எஞ்சின் சரிசெய்யும் லேத்துப் பட்டறை ஒன்று நானாவுக்குத் தெரியும். ஏறாவூர் தாண்டியதும் டயர் பஞ்சரானது. மாற்று டயரிலும் காற்றில்லை. கச்சான் என்று அங்கே சொல்லும் வறண்ட மேல்காற்று முகத்தில் அனலாக அடிக்க, சாலையோரம் ஒரு மணிநேரம் நின்றேன். மே மாதத் திருச்சியைக் கரித்துக்கொட்டி வளர்ந்தவள் நான். அன்று மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன்.

பட்டறைக்காரர் உடைந்த ஊசியை விரலில் உருட்டிப் பார்த்து, இது எங்கே போகிற சாமான் என்று கேட்டார். விண்வெளிக்கு என்றேன். அப்படியென்றால் உப்புக்காற்று இல்லை, நல்ல இடம் என்றார். அரை நாளில் கடைந்து தந்தார். அளந்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மகிழ்ச்சியில் எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கிப் பாதியை நானே சாப்பிட்டேன். அக்காவுக்குக் கருவாடும் வாங்கினேன். திரும்பும் வழியெல்லாம் ஓட்டோ நாறியது. நானா மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள் ஜெசிந்தாவை நானே போய்க் கூட்டி வந்தேன். மின்தராசையும் மின்பெட்டியையும் காட்டி, பிழை என்னுடையது என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் ஓம் என்றார், நம்மூர் ஆமாம், அவ்வளவுதான். சின்ன எடைகள் என்னிடம் இல்லை. அதனால் அவருடைய ஈயக் குண்டுகளையே ஒவ்வொன்றாக நிறுத்து, இன்னும் ஒன்றைச் செதுக்கிச் சேர்த்து, அட்டவணையில் எழுதி, பையில் போட்டோம்.

காற்று அசையக்கூடாது. கதவுகளை மூடினோம், மின்விசிறிகளை நிறுத்தினோம். பத்தே நிமிடத்தில் எல்லோரும் நனைந்துவிட்டோம். மோட்டார் முனகத் தொடங்கியது. ஒவ்வொரு கட்டமாக மடிப்பிலிருந்து வெளியே வந்து, நிமிர்ந்து, டக்கென்று பூட்டிக்கொண்டது. பத்து முடிந்தது. பதினொன்று வெளியே வந்தபோது நான் கட்டத்தைப் பார்த்தேன், ஜெசிந்தா கயிற்றைப் பார்த்தார். கயிறு அசையவில்லை. டக். அதற்குப் பிறகு இருபத்தாறு வரை எண்ணியது ஜௌபர் நானா, உரத்த குரலில், பஸ் நிலையத்தில் மூட்டை எண்ணுவதுபோல.

மதியம் ஹாஜியார் வீட்டில் சவன் சோறு. பெரிய தட்டு ஒன்றில் சோறும் இறைச்சியும் குவித்து, அதைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிடுவது. ஹாஜியாரின் மனைவி, ஜெசிந்தா, நான் ஒரு தட்டில். கறித்துண்டுகளை அந்த அம்மா எங்கள் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் கம்பெனி கேன்டீனில் பொறியாளர்களுக்கு ஒரு மேசை, கூலிக்கு வருகிறவர்களுக்கு ஒரு மேசை. இருபது வருஷம் நான் அதில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாளும் அது தொண்டையில் சிக்கியதில்லை.

அன்று மாலையே மூன்று ஓட்டங்களின் பதிவு, ஹாஜியாரின் படம், புதிய ஓட்டம், என் பிழை எல்லாவற்றையும் எழுதி மேலாளருக்கு அனுப்பினேன். ஐந்தாம் நாள் கொழும்பு பஸ்ஸுக்காக மட்டக்களப்பில் காத்திருந்தபோது பதில் வந்தது. திருத்திய அறிக்கை. எடையில் சிறு வேறுபாடு காணப்பட்டு, எங்கள் குழுவினரால் சரிசெய்யப்பட்டதாம். குழுவினர் என்று அந்த இரண்டு மேதாவிகளின் பெயரும் இருந்தது. என் பிழையும் இல்லை, ஜெசிந்தாவின் ஈயமும் இல்லை. அந்தப் பெண்ணின் பெயரையே நீக்கிவிட்டோம், இனிக் கையெழுத்தும் வேண்டாம், உங்களுக்கும் நிம்மதி என்று கீழே மேலாளர் எழுதியிருந்தார்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஜெசிந்தாவுக்குப் போன் செய்து, உங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று நல்ல செய்தி போலச் சொன்னேன்.

"உடைஞ்ச தாளில என்ட பேர் இரிந்தது" என்றார். "விரிஞ்ச தாளில இல்லையா மிஸ்?"

பஸ் வந்து நின்றது. ஏறாமல் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பெஞ்சிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். அட்டவணையில் பதினொன்றாம் வரிசைக்குப் போனேன். பழைய எடை, என் பெயர், பிழை என்று ஒரு வரி. புதிய எடை, கண்டறிந்தவர் ஜெசிந்தா என்று அடுத்த வரி. ஹாஜியார் எடுத்த படத்தையும் சேர்த்தேன். கரையில் காட்டுவதற்காகத் தமிழிலும் ஒரு தாள் தயாரித்து, இரண்டையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்டக்டர் என்னைப் பார்த்தார், தொந்தரவு செய்யவில்லை. பஸ் போய்விட்டது.

ஜெசிந்தா கடைசிவரை கேட்டார்.

"தகப்பன்ட பேரையும் போடுங்க மிஸ்" என்றார். "எங்கட கரையில நாலு ஜெசிந்தா இரிக்கு. மறுகா ஆரெண்டு தெரியாமப் போயிரும்."

அந்தோனிப்பிள்ளை ஜெசிந்தா என்று போட்டேன். மேலாளரைக் கேட்காமல், வாடிக்கையாளருக்கு நேராக அனுப்பினேன்.